நிமிடத்துக்கு நூறு தட்டு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பத்துக்குப் பத்து மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக் கடை வைத்திருக்கிறேன். பலகையில் ஸ்டூடியோ என்று எழுதியிருக்கும். உள்ளே வந்து பார்த்தால் ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள், அவ்வளவுதான். திருவிழாக் காலத்தில் இசைக்குழுவோடு போய் கீபோர்டு வாசிப்பேன். மற்ற நாட்களில் பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் பாட்டு வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். இந்தப் பாட்டில் ஒரு நிமிடம், அந்தப் பாட்டில் அரை நிமிடம், நடுவில் ஒரு இடிச் சத்தம். டீச்சர்மார்கள் பெரும்பாலும் கேட்பது அதுதான்.

இத்தனை வருடத்தில் வேகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்று. கூட்டம் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும். எலவனாசூர்கோட்டைத் திருவிழாவில் ஒரு முறை மழைத் தூறலில் கலையப் பார்த்த கூட்டத்தை அப்படித்தான் பிடித்து நிறுத்தினேன். அதற்கு மேல் அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

ஆடி மாதத்து சனிக்கிழமை ஒன்றில் அந்த டீச்சர் படியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் திருக்கோவிலூர். கல்வராயன் மலைமேல் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வெள்ளிமலையில் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னார். காலை மினி பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார். கைப்பேசியை என் மேசைமேல் வைத்து ஒரு பாட்டைப் போட்டார்.

சினிமாப் பாட்டு இல்லை. வயலினும், துருத்தி போல இழுத்து அமுக்கும் அக்கார்டியனும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. பாட்டில் எங்கும் மூச்சு விடும் இடமே இல்லை. ஒரு சுற்று முடிந்த இடத்திலேயே அடுத்த சுற்று பிறந்தது.

“இன்னா டீச்சர் இது?”

“ஸ்காட்லாந்துல ஆடுற நாட்டுப்புற ஆட்டம்ணா. எட்டாங்கிளாஸ் பொண்ணுங்க எட்டு பேருக்குக் கத்துக் குடுத்துக்கினு இருக்கேன். இது ரொம்ப வேகமா இருக்குது. கொஞ்சம் கம்மி பண்ணித் தரணும்.”

மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்து ஆட்டம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரடங்கு காலத்தில் வேலையில்லாமல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டதாம். அந்த ஊரில் ஏதோ ஒரு கூடத்தில் சாதாரண ஆண்களும் பெண்களும், வயதானவர்கள்கூட, ஜோடி ஜோடியாக நின்று ஆடியிருக்கிறார்கள். அழகாக இருக்கிறது என்று அவருக்கு முதலில் தோன்றவில்லையாம். கணக்காக இருக்கிறது என்றுதான் தோன்றியதாம்.

“நாலு ஜோடி வரிசையா நிக்கும். முதல் ஜோடி நடுவுல எறங்கி, திரும்பி வந்து, அடுத்த ஜோடிக்கு எடம் விட்டுட்டு கீழ போவும். அப்புறம் ரெண்டாவது ஜோடி. இப்படியே எல்லாருக்கும் ரெண்டு வாட்டி மொறை வரும். ஒருத்தர் நடுவுல, மத்தவங்க சுத்தி நிக்கிறதுன்னு இதுல கெடையாதுண்ணா. வட்டம், கோடு, குறுக்குக் கோடு எல்லாம் இருக்குது. எங்க பொண்ணுங்க கரும்பலகையில பாத்து பயப்படற விஷயத்த கால்ல போட்டுடுதுங்க.”

எனக்கு அது பாதிதான் புரிந்தது. வேகத்தைக் குறைப்பது ஐந்து நிமிட வேலை. மூல வேகம் நிமிடத்துக்கு நூற்றிப் பன்னிரண்டு தட்டு என்று கணினி காட்டியது. நூறுக்கு இறக்கி, போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். காலால் தரையில் மெல்லத் தட்டிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இது மெதுவா ஆகல. சோந்து போயிருக்குது.”

அவர் சொன்னது சரிதான். இழுத்து நீட்டியதில் வயலின் தொண்டை கட்டியதுபோல் இருந்தது. ஒவ்வொரு சுரமும் அடுத்ததன்மேல் சாய்ந்து விழுந்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கணினியில் இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தார். தொண்ணூற்றாறு போடுங்கள், நூற்றி நான்கு போடுங்கள் என்பார். கேட்டுவிட்டு, இல்லை என்பார். ஒரு கட்டத்தில் எனக்கு எரிச்சலாகிவிட்டது. மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது மனைவியிடம், ஒரு டீச்சர் என் உயிரை வாங்குகிறார் என்று சொன்னேன்.

“நீதான் வாசிச்சுக் குடேன். உனுக்குத் தெரியாதா இன்னா?” என்றாள் அவள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

அப்படித்தான் அந்தப் பாட்டை நான் கற்றேன். ஒரு வாரம் ஆனது. ஒரு சுற்றுக்கு முப்பத்திரண்டு கட்டம். கட்டத்துக்கு இரண்டு தட்டு. கீபோர்டில் இருக்கிற தாளங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் தாள இயந்திரத்தை நிறுத்திவிட்டு இடது கையால் நானே தட்டைப் போட்டு, வலது கையால் பாட்டை வாசித்தேன். மெதுவாக வாசிக்கும்போது பாட்டு ஏன் விழுந்துவிடுகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. சுரங்களை ஒட்டி ஒட்டி வாசித்தால் விழுகிறது. ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் குறுக்கி, கை சுட்டதுபோல் விரலை எடுத்துவிட்டால், அதே நூறு தட்டில் பாட்டு எழுந்து நிற்கிறது. இத்தனை வருடம் வாசித்தவனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை வாசித்துக் காட்டினேன். டீச்சர் முழுச் சுற்றையும் கேட்டார்.

“இது சரியா இருக்கற மாதிரி இருக்குது. ஆனா இங்க உக்காந்து சொல்ல முடியாதுண்ணா. நீங்க மேல வரணும்.”

அடுத்த வாரம் கீபோர்டைத் துணியில் சுற்றி பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலையேறும் இடத்தில் காற்று மாறும். எதிரில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டிகள் சின்னசேலம் பக்கத்து ஆலைகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. வளைவுகளில் கீபோர்டு என் முதுகில் முட்டிக்கொண்டே வந்தது.

பள்ளி மைதானம் செம்மண். சின்னச் சின்னக் கற்கள். பிள்ளைகள் காலையிலேயே விளக்குமாற்றால் பெருக்கி வைத்திருந்தார்கள். எட்டுப் பேர், வெறுங்கால், சீருடை. நால்வர் தலையில் பச்சை ரிப்பன், நால்வர் தலையில் சிவப்பு. ஜோடியில் யார் எந்தப் பக்கம் என்று தெரிவதற்காம். முதல் ஜோடியில் ஒரு நெட்டைப் பெண், கால் நீளம், அடி எடுத்து வைத்தால் மைதானம் பாதி முடிந்துவிடும். கடைசி ஜோடியில் எல்லாரையும்விடக் குள்ளமான பெண், நெட்டைப் பெண்ணின் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவள் என் கீபோர்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இத்த யார் தூக்கிக்கினு வந்தாங்க, நீங்களேவாண்ணா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தாள்.

முதலில் நூற்றிப் பன்னிரண்டு. ஸ்காட்லாந்தில் பெரியவர்கள் ஆடுகிற வேகம் அது. எட்டுப் பேரும் கைகோத்து வட்டமாக இடது பக்கம் எட்டு அடி போய், வலது பக்கம் எட்டு அடி திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். இவர்கள் வந்து சேரவில்லை. நெட்டைப் பெண் வந்துவிட்டாள். குள்ளப் பெண்ணின் கால் தரையில் இருந்ததைவிட அந்தரத்தில் இருந்ததுதான் அதிகம், இரண்டு பக்கமும் அவளைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனார்கள்.

சரி, இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, நானாகவே தொண்ணூறுக்குக் கொண்டுபோனேன். இப்போது எல்லாம் சுலபமாக இருக்க வேண்டும். ஆனால் நான்காவது சுற்றிலேயே எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. நெட்டைப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“இது அதவிட கஷ்டம் மிஸ். எகிறிட்டு கீழ வந்துட்டா தட்டு இன்னும் வரல. மேலயே நிக்க முடியுமா?”

எனக்கு அது பெரிய செய்தி. மெதுவாக ஆடுவது சுலபம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் ஒரு சின்னத் துள்ளல் இருக்கிறது. பாட்டு மெதுவானால் துள்ளலும் உயரமாக வேண்டும், அதற்குத் தெம்பு வேண்டும். வேகமானால் தூரம் கடக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஒன்று, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வெறுங்காலோடு கல் மண்ணில் ஆடும்போது வேறொன்று.

டீச்சர் அதைத் தேடிய விதத்தை நான் மறக்க மாட்டேன். அவர் பிள்ளைகளின் காலைப் பார்க்கவில்லை. முதலில் கைகளைப் பார்த்தார். ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்க வேண்டிய நேரத்தில் கை அங்கே இருக்கிறதா, எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா, அல்லது முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மண்ணில் விழும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு ஜோடிக் கால்களும் கல் மண்ணில் ஒன்றாக விழுந்தால் ‘சரக்’ என்று ஒரே சத்தம். தள்ளித் தள்ளி விழுந்தால் சோளம் கொட்டியதுபோல் கலகலவென்று கேட்கும்.

தொண்ணூற்றாறு. கலகலத்தது. நூற்றி நான்கு. முதல் மூன்று சுற்று ஒன்றாக விழுந்தது, பிறகு கலைந்தது. நூற்றி இரண்டு. ஆறாவது சுற்றில் கலைந்தது. நடுவில் நெட்டைப் பெண்ணிடம் அடியைக் குறுக்கச் சொல்லிக் கொஞ்சம் கடிந்து பேசினார். அவள் கண் கலங்கிவிட்டது. டீச்சர் அதைப் பார்த்தும் விடவில்லை. “உன் காலு நீளம்னா அது உன் தப்பில்ல. ஆனா பக்கத்துல வர்றவ எவ்ளோ தூரம் வருவான்னு நீதான பாக்கணும்,” என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடியைக் குறுக்கினாள்.

நூறு. எட்டுச் சுற்றும் போனது. கடைசிச் சுற்று முடியும்வரை சரக், சரக் என்று ஒரே கால்தான் கேட்டது. எட்டுப் பேரும் கும்பிடு போடுவதுபோல் தலை தாழ்த்தி முடித்தபோது டீச்சர் திரும்பினார். சிரிக்கவில்லை. “நூறு,” என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாதம் அந்த நூறை வைத்துக்கொண்டு பழகினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான் மேலே போனேன். பாட்டைப் பதிவு செய்து கொடுத்திருந்தேன், போக வேண்டிய அவசியமில்லை. ஆனால் போகாத வாரம் எனக்கு ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது. ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வாசித்த பழக்கம் எனக்கு அதற்கு முன் இல்லை. இசைக்குழுவில் கீபோர்டுக்காரன் மேடையின் ஓரத்தில் இருப்பான், ஆடுகிறவர்களின் முதுகுதான் தெரியும்.

கார்த்திகையில், மாவட்ட அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடன நிகழ்ச்சி ஒன்று கள்ளக்குறிச்சியில் நடப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. பள்ளிப் பெயரைக் கொடுத்தார்கள். அதில் ஒரு விதி இருந்தது. ஆட்டம் நான்கு நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மதிப்பெண் குறையும்.

தலைமை ஆசிரியரின் அறையில் நானும் இருந்தேன். டீச்சர் அதைப் படித்தார். காகிதம், பேனா எதுவும் எடுக்கவில்லை.

“ஒரு சுத்துக்கு அறுபத்தி நாலு தட்டு. எட்டு சுத்துக்கு ஐந்நூத்திப் பன்னண்டு. நூறுல போனா அஞ்சு நிமிஷம் ஏழு செகண்டு சார்.”

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். பிள்ளைகள் சாப்பாட்டில் குறை வைக்காதவர். “ஏழு செகண்டுதான டீச்சர்? கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க,” என்று என்னைக் காட்டினார்.

“நூத்தி நாலுல போனாதான் அஞ்சு நிமிஷத்துக்குள்ள வரும் சார். அந்த வேகத்துல கடைசி சுத்துங்க கலைஞ்சிடும்.”

“அப்ப கடைசிச் சுத்த வெட்டிடலாம். ஏழு சுத்து போதாதா? பாக்கறவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?”

கடைசிச் சுற்று என்பது கடைசி ஜோடியின் இரண்டாவது முறை. டீச்சர் பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார். எட்டுப் பேரும் அறை வாசலில் வந்து நின்றார்கள். அவர்களிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். வேகமாக ஆடலாம், ஒரு சுற்றை வெட்டலாம், இல்லையென்றால் நூறிலேயே ஆடி மதிப்பெண்ணை விடலாம்.

விட்டுக்கொடுக்கிறேன் என்று அந்தக் குள்ளப் பெண் சொல்லுவாள் என்று நான் நினைத்தேன். சின்னப் பிள்ளைகள் அப்படிச் சொல்லுவதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

“என் சுத்த வெட்டாதீங்க சார்,” என்றாள் அவள்.

தலைமை ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டைப் பெண், “நூறுலயே ஆடறோம் சார்,” என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

“பரிசு வராதும்மா.”

“வராட்டி போவுது சார். பாதியில நின்னா நல்லாருக்காது.”

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுற்றறிக்கையை மடித்துக் கொடுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நிகழ்ச்சி நாளன்று பிள்ளைகள் வேனில் இறங்கி வந்தார்கள். வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. மேடை பலகை மேடை, மேலே சிவப்புக் கம்பளம். டீச்சர் மேடையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, கம்பளத்தைச் சுருட்டி வைக்க முடியுமா என்று கேட்டார். மேடைக்குப் பொறுப்பாக இருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே சுருட்டினார்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளியின் ஆட்டம். முப்பது பிள்ளைகள், புகை, பளபளக்கும் உடை, நெஞ்சில் இடிக்கிற தாளம். கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. அது முடிந்த கையோடு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் மேடையின் ஒரு பக்கத்தில் கீபோர்டோடு உட்கார்ந்தேன். பச்சை, சிவப்பு ரிப்பனோடு எட்டுப் பேர் வரிசையாக வந்து நின்றபோது மண்டபத்தில் பேச்சு அடங்கவே இல்லை. பின்வரிசைகளில் ஆட்கள் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த பழைய பாடம் கைக்கு வந்துவிட்டது. கூட்டம் கலைகிறது, வேகத்தைக் கூட்டு. நான் யோசித்துச் செய்யவில்லை. தொடக்கச் சுரத்துக்குப் பிள்ளைகள் தலை தாழ்த்தி நிமிர்ந்ததும் என் இடது கை நூற்றிப் பத்துக்கு மேலே ஏதோ ஒரு வேகத்தில் கிளம்பிவிட்டது.

முதல் எட்டு அடிக்கு அவர்களும் ஓடினார்கள். வட்டம் கோணியது. குள்ளப் பெண்ணின் கால் பலகையை விட்டு எழும்புவது என் கண்ணில் பட்டது. தப்பு நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் கை நிற்கவில்லை. ஓடுகிற பாட்டை நடுவில் எப்படி இறக்குவது என்று எனக்கு விளங்கவில்லை. மேடையின் ஓரத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தேன். சைகை ஏதாவது காட்டுவார் என்று நினைத்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

வட்டம் திரும்புகிற இடத்தில் நெட்டைப் பெண் தன் அடியைக் குறுக்கி, அழுத்தி வைத்தாள். பலகை ‘தம்’ என்றது. என் பாட்டுக்கு அது பின்னால் விழுந்தது. அடுத்த அடியும் பின்னால்தான். அவள் என்னைத் துரத்தவில்லை. பக்கத்துப் பெண்ணின் கால் அவளோடு விழுந்தது, பிறகு அதற்கடுத்த பெண்ணின் கால். நான்கைந்து கட்டத்துக்குள் எட்டுப் பேரின் காலும் பலகைமேல் ஒன்றாக விழுந்தது. தம், தம் என்று தெளிவாக, எனக்கு மட்டும் சம்பந்தமில்லாமல். ஆடுகிற எட்டுப் பேரும் ஒரு வேகத்தில் இருந்தார்கள், வாசிக்கிற ஒருவன் வேறு வேகத்தில் இருந்தான்.

நான் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டுக் காலைக் கேட்க ஆரம்பித்தேன். இடது கையை அந்தத் ‘தம்’மின்மேல் வைத்தேன். பாட்டு தானாக இறங்கி உட்கார்ந்தது. முதல் சுற்று முடியும்போது நாங்கள் ஒன்பது பேரும் ஒரே இடத்தில் இருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். அவர்கள் நன்றாக ஆடினார்கள் என்பேன், அது போதாது. ஜோடி ஜோடியாக இறங்கிப் போனார்கள், திரும்பி வந்தார்கள், கை கொடுத்தார்கள், கை அங்கே இருந்தது. ஒருவர் கடக்கும்போது இன்னொருவர் விலகினார். யாரும் யாரையும் இழுக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் மண்டபத்தில் பேச்சு குறைந்தது. ஐந்தாவது சுற்றில் முன்வரிசையில் இருந்தவர்கள் விரலால் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். விசில் இல்லை. அது அப்படிப்பட்ட ஆட்டமும் இல்லை.

ஐந்து நிமிட மணி அடித்தது. குள்ளப் பெண்ணின் இரண்டாவது முறை கிட்டத்தட்ட முடியும் நேரம். அவளும் அவள் ஜோடியும் நடுவில் கைகோத்து மேலே வந்துகொண்டிருந்தார்கள். மணிச் சத்தம் அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும், ஒரு நொடி நடுவர்கள் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவசரப்படாமல் தன் இடத்துக்குப் போய் நின்றாள். கடைசி வட்டம் போய், திரும்பி, வந்து சேர்ந்தது. தலை தாழ்த்தினார்கள். நான் கையை எடுத்தேன்.

பரிசு அறிவித்தபோது எங்கள் பள்ளிப் பெயர் வரவில்லை. விதி விதிதான், யார்மேலும் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். டீச்சர் அவர்களைச் சமாதானம் செய்யவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுத்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த ஓட்டலில் எல்லாரும் சாப்பிட்டோம். குள்ளப் பெண் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

“மொதல்ல ஏண்ணா அப்படி ஓட்டினீங்க?”

மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சமாளிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“பயந்துட்டேன்மா. கூட்டம் எழுந்து போய்க்கினு இருந்துச்சு.”

“எங்களுக்கும்தான் பயம். அதுக்காக காலு ஜாஸ்தியா போவுமா?” என்றாள். பிறகு, “அப்புறம் நல்லாத்தான் வாசிச்சீங்க,” என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் சைகை காட்டவில்லை என்றும் கேட்டேன்.

“நான் காட்டியிருந்தா நீங்க என்னப் பாத்துக்கினு வாசிச்சிருப்பீங்க. அதுங்க என்னப் பாத்துக்கினு ஆடியிருக்கும். அதுங்களுக்குத் தெரியும்ணா,” என்றார். பிறகு பக்கத்தில் இருந்த பிள்ளையின் இலையில் இன்னொரு கரண்டி குருமா ஊற்றச் சொன்னார்.

மாசி மாதத்தில் மலைமேல் அவர்கள் பள்ளியில் ஆண்டு விழா. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நடந்தும், பைக்கிலும், சரக்கு ஆட்டோவிலும் வந்திருந்தார்கள். பலரும் கூலி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவர்கள். எட்டுப் பேரும் செம்மண்ணில் ஆடி முடித்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் நெட்டைப் பெண் நேராகப் போய்த் தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மா மாட்டேன் என்று உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். “மானம் போவுது, வுடுடி,” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். அதற்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் ஆளுக்கு ஓர் அம்மாவை இழுத்து வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை ஒரு அம்மா, நான்கு ஜோடி என்று வரிசை நின்றது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

டீச்சர் தூரத்தில், சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். என்ன வேகம் என்று கேட்க வழியில்லை. நான் அந்த அம்மாக்களைப் பார்த்தேன். காலில் வெடிப்பு, ஒருவருக்கு முழங்கால் சரியாக மடங்கவில்லை, எல்லார் முகத்திலும் வெட்கச் சிரிப்பு. துள்ளல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நடந்தால் போதும். ஒரு மேட்டில் சுமையோடு ஏறுகிறவர் வைக்கிற அடி எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு, சுரங்களைக் கொஞ்சம் உட்காரவைத்து வாசிக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொண்டு துள்ளலை விட்டுவிட்டு நடந்தார்கள். வட்டம் இடது பக்கம் போனது, வலது பக்கம் திரும்பியது, ஒருவர் தப்பான பக்கம் போய் இடித்துக்கொண்டு சிரித்தார், மறுபடியும் சேர்ந்துகொண்டார். மூன்றாவது சுற்றில் அந்த நெட்டைப் பெண்ணின் அம்மா தலையை நிமிர்த்தி நடந்தார், மகள் கை எங்கே வரும் என்று பார்க்காமலே கையை நீட்டினார்.

டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு வந்து வரிசையின் ஓரத்தில் நின்றார். முதுகைத் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டுச் சுற்று முடிந்தது. முழங்கால் மடங்காத அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு வாட்டி போடுப்பா. இப்பதான் எனுக்குப் புடிபட்டுச்சு.”

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையின் கடைசியில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதே வேகத்தில் மறுபடியும் ஆரம்பித்தேன்.